காந்தத்தை உடைத்தால் வடதுருவம் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

ஏழாவது படிக்கிற மகளின் கேள்வி என்கிறீர்கள். முதலில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை அவளையே உடைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வடக்கும் தெற்கும் சேர்ந்தே இருக்கும். தூளாக்கினாலும் அதே கதைதான். ஏனென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு எலக்ட்ரானும் இரு துருவமுள்ள குட்டிக் காந்தம்.

ஆனால் ஒற்றைத் துருவத் துகள் இருக்கவே கூடாது என்று இயற்பியலில் விதி எதுவும் இல்லை. 1931இல் இயற்பியலாளர் பால் டிராக் ஒரு கணக்குப் போட்டார். பிரபஞ்சத்தில் அப்படி ஒரே ஒரு துகள் இருந்தாலும் போதும், மின்னூட்டம் ஏன் எப்போதும் ஓர் அடிப்படை அளவின் முழு மடங்குகளாகவே வருகிறது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

1982 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் பிளாஸ் கப்ரேராவின் கருவியில், கடுங்குளிரில் வைத்திருந்த நியோபியம் கம்பிச் சுருளில், மின்னோட்டம் சட்டென்று ஒரு படி தாவியது. ஒற்றைத் துருவம் ஒன்று சுருளுக்குள் நுழைந்து போனால் எவ்வளவு தாவுமோ, அவ்வளவே! காதலர் தினம் வேறு. பிறகு இன்னும் பெரிய சுருள்களை வைத்துக் காத்திருந்தார்கள்; அது திரும்ப வரவே இல்லை. ஒரே ஒரு முறை நடந்ததைக் கண்டுபிடிப்பு என்று யாரும் ஏற்கவில்லை.

ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் இன்றும் தேடுகிறார்கள்.