நீருக்குள் பொறி சாயாமல் நிற்க

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் பீவர் (ஓடையில் அணை கட்டி வாழும் பெரிய கொறிவிலங்கு) பிடிப்பதற்கு உரிமம் பெற்றிருக்கிறேன். ஓடையில் 330 அளவுப் பொறியை (விலங்கு நடுவே நுழைந்ததும் இரு சதுரக் கம்பிச் சட்டங்கள் மூடி அடிக்கும் பெரிய பொறி) வைத்து, ஸ்பிரிங் வளையங்களுக்குள் கம்பு நட்டாலும் ஓரிரு நாளில் அது சாய்ந்துவிடுகிறது. இரும்பு ஸ்டாண்ட் வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— வாசகர், சட்பரி

பதில்: கனடாவில் பொறி வைத்துப் பிழைத்த ஃபிராங்க் கோனிபியர் இந்த வகைப் பொறியை உருவாக்கியதன் நோக்கமே, காலைக் கவ்வி விலங்கை நெடுநேரம் வதைக்கும் பழைய பொறிக்கு மாற்றாக, கழுத்திலோ மார்பிலோ அடித்து விரைவில் கொல்வதுதான். பொறி சாய்ந்திருந்தால் அடி இடுப்பில் விழும். அல்லது பீவர் உரசிவிட்டுத் தப்பி, அடுத்த முறை அந்தப் பக்கமே வராது. ஆகவே ஸ்டாண்டை வசதிக்கான பொருளாக மட்டும் கருத வேண்டாம்.

வாங்குமுன் ஓடையின் அடித்தரையைக் கோலால் குத்திப் பாருங்கள். கால் புதையும் சேறாக இருந்தால், கெட்டித் தரையை எட்டும் அளவுக்கு நீண்ட கால்களும், பொறியின் உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் உள்ள ஸ்டாண்ட் தேவை. சரளைத் தரைக்கு, மிதித்து இறக்கினாலும் வளையாத தடித்த கம்பியில் செய்த, குட்டைக் கால்கள் கொண்டது போதும். பாறையில் எதுவும் இறங்காது. அங்கே கல்லை வைத்து அழுத்தக்கூடிய தட்டை அடிப்பாகம் உள்ளதைத் தேடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். இரண்டாவது யோசனையே எனக்கு மேலாகப் படுகிறது.

ஸ்டாண்டின் பிடிப்பு, பொறியை அசையாமல் தாங்க வேண்டுமே தவிர, சட்டங்கள் மூடிக்கொள்வதைத் தடுக்கக் கூடாது. இதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, பொறியைக் கரையில் ஸ்டாண்டில் பொருத்தி, விலங்கு பட்டதும் பொறியை விடுவிக்கும் தூண்டுகம்பியை நீண்ட கம்பால் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. 330 பொறியின் ஸ்பிரிங் கை எலும்பை முறிக்கக்கூடியது என்பதால், அதை அமுக்க அதற்குரிய இடுக்கியையே பயன்படுத்தி, பொறி நீருக்குள் உறுதியாக நின்ற பிறகே பாதுகாப்புக் கொக்கிகளைக் கழற்றுங்கள். கை மாட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவதற்கு ஒரு கயிறு எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஸ்டாண்ட் பொறியை நிறுத்துவதற்கு மட்டுமே. பிடித்து வைக்கும் நங்கூரம் அன்று. சங்கிலியைத் தனி முளையிலோ கரை மரத்திலோ கட்டாவிட்டால், பொறியும் ஸ்டாண்டும் பீவரோடு ஆழத்துக்குப் போய்விடும். பொறிக்கு நேர் மேலே நீர்மட்டத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டால், பீவர் அதன் அடியில் மூழ்கி நேராக உள்ளே வரும். அவ்வழியே நீர்நாயும் போகுமானால், தூண்டுகம்பியை நடுவில் விடாமல் ஓரமாகத் தள்ளி வையுங்கள். உடல் ஒல்லியான நீர்நாய் தொடாமல் கடந்துபோக வாய்ப்பு உண்டு. மழைக்குப் பின் நீர்மட்டம் மாறினால் ஸ்டாண்டின் உயரத்தையும் குறுக்குக் கட்டையையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்டாண்ட் வாங்கும்வரை பாப்லர் மரக் கம்புகளையே நட்டுக்கொள்ளலாமா?

பதில்: பச்சைக் கம்பு வேண்டாம். பாப்லர் பட்டை பீவருக்கு விருப்பமான இரை. அதைத் தின்ன வரும் பீவர் பக்கவாட்டில் கடித்து இழுத்துப் பொறியைச் சாய்த்துவிடும். உங்கள் கம்புகள் சாய்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பல் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டை உரிந்து நன்றாகக் காய்ந்த கட்டைகளையே நடுங்கள்.