மூளைக் களைப்பை அலைகளில் அளக்கலாமா?

கேள்வி: என் மகன் சி.ஏ. தேர்வுக்குப் படிக்கிறான். மூன்று மணி நேரம் தொடர்ந்து கணக்குப் போட்டால், "புத்தகம் கண்ணில் படுகிறது, மண்டையில் ஏறவில்லை" என்கிறான். மூளை அலைகளைக் கொண்டு இந்தக் களைப்பை அளக்கலாம் என்றும், அதற்கு நெற்றியில் அணியும் பட்டை விற்கிறது என்றும் கேள்விப்பட்டேன். வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: களைப்பின் தடயம் மூளை அலைகளில் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால், தெர்மாமீட்டரில் காய்ச்சல் பார்ப்பதுபோல எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணாக அது கிடைப்பதில்லை.

1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். (அவர் பதிவு செய்தவர்களில் அவருடைய மகனும் ஒருவர்.) கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை ஏறி இறங்கி, கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடும் அலைக்கு அவர் ஆல்ஃபா என்று பெயரிட்டார். ஒரே வேலையை நெடுநேரம் செய்து களைத்தவரிடம் இந்த ஆல்ஃபா அலை கண் திறந்திருக்கும்போதே கூடுகிறது. நொடிக்கு 4 முதல் 8 வரை துடிக்கும் தீட்டா அலையும் தலையின் முன்பகுதியில் வலுக்கிறது. இவ்விரண்டின் கூட்டு வலிமையை அவற்றைவிட வேகமான பீட்டா அலையின் வலிமையால் வகுத்துப் பார்ப்பது ஆய்வாளர்களின் வழக்கங்களுள் ஒன்று.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் மகன் கடினமான கணக்கு ஒன்றில் முழுக் கவனத்துடன் மூழ்கியிருந்தாலும் முன்பகுதித் தீட்டா உயரும். களைத்துப்போய்ப் பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தாலும் உயரும். தூக்கம் சொக்கும்போதும் தீட்டா தலைகாட்டும். அலையை மட்டும் பார்த்து உழைப்பையும் சோர்வையும் பிரித்துச் சொல்வது கடினம் என்பதால், அதே ஆளை, அதே கடினமுள்ள வேலையில், தொடக்கத்திலும் பிறகும் பதிவு செய்து, அவர் செய்த பிழைகளோடும் எடுத்துக்கொண்ட நேரத்தோடும் ஒப்பிட்டுத்தான் ஆய்வகத்தில் முடிவுக்கு வருகிறார்கள். ஆல்ஃபாவின் அளவும் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுவதால், ஒருவரது எண்ணை மற்றொருவரது எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

போதாததற்கு, தலைத்தோலில் கிடைக்கும் இந்த மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே. மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒருமுறை கண் சிமிட்டினால் எழும் மின்மாற்றம் இதைவிடப் பன்மடங்கு பெரிது. பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்துடிப்பு பீட்டாவோடு கலந்துவிடும். சிமிட்டலின் தாக்கம் மிகுதியாக இருக்கும் நெற்றியிலேயே பட்டை உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே பட்டைக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பேன். ஒரே தரத்தில் பத்துப் பத்துக் கணக்குகளாகச் சில தொகுப்புகள் வைத்துக்கொண்டு, படிக்க உட்காரும்போது ஒன்றையும், அதன்பின் ஒவ்வொரு முக்கால் மணி நேரத்துக்கும் ஒன்றையும் போடச் சொல்லுங்கள். ஆன நேரத்தையும் தவறுகளையும் அவனே ஒரு தாளில் குறிக்கட்டும். எந்த இடத்தில் தவறு பெருகுகிறதோ அங்கே எழுந்துவிடலாம். கவனம் மூன்று மணி நேரம் வரை தாங்கும் என்று எதிர்பார்ப்பதே அதிகம்: 1948-இல் வெளியான, நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளரின் சோதனையில், கடிகார முள் எப்போதாவது இரட்டிப்பாகத் தாவுவதைக் கண்காணித்தவர்கள் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கோட்டைவிடத் தொடங்கினார்கள்.

கேள்வி: மூளை அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுத்தால் தலைக்குள் மின்சாரம் பாயுமா? எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகலாமா?
– அதே வாசகரின் மனைவி

பதில்: மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை, வலியும் இல்லை, மூளையிலிருந்து வருவதைக் கருவி பதிவு மட்டுமே செய்கிறது. எண்ணெய் கூடாது, அலைகளைப் பிடிக்கத் தலையில் பசை வைத்து ஒட்டும் மின்முனை தோலில் சரியாகப் பதியாது. முந்தைய நாளே சீயக்காயோ ஷாம்போவோ போட்டுத் தலைகுளித்து, முடி காய்ந்த நிலையில் போக வேண்டும். திரும்பி வந்ததும் முடியில் ஒட்டிய பசையைப் போக்க இன்னொரு முறை குளிக்க வேண்டியிருக்கும்.