டீச்சரிடம் கேளுங்கள்: முட்டை அச்சாறு

கேள்வி: வீட்டுக் கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன, டீச்சர். அவித்து, வினாகிரியில் ஊறப்போட்டுப் போத்தலில் வைக்க ஆசை. ஈர்க்கால் குத்திப் போட்டால் புளிப்பு சீக்கிரம் இறங்கும் என்கிறார் மாமி. பிரிஜ்ஜில் இடமில்லை, இங்கே அடிக்கிற குளிருக்கு வெளியே வைக்கலாம்தானே? கறுப்பு நிறச் சீன முட்டையையும் வீட்டில் செய்யலாமா?

- வாசகி, தலவாக்கலை

பதில்: குத்தவே வேண்டாம், மகள். 1997இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 68 வயதுக்காரர் ஒருவர், பல்குத்தும் குச்சியால் குத்திய முட்டைகளை இப்படி ஊறப்போட்டு, வெளியிலேயே வைத்துச் சாப்பிட்டார். பார்வை இரண்டாகத் தெரிந்தது. கடைசியில் மூச்சுவிட இயந்திரம் தேவைப்பட்டது. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் அது. சோதித்துப் பார்த்தபோது, ஊறிய நீரில் இருந்ததைவிட மஞ்சள் கருவில் நஞ்சு ஆயிரம் மடங்கு அதிகம். குச்சி கிருமியை உள்ளே கொண்டுபோய் விடுகிறது. அங்கே காற்றில்லை, புளிப்பும் போய்ச் சேர நாளாகும். அந்த நஞ்சை மணத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. மாமிக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நம் குளிரை நம்ப வேண்டாம். நுவரெலியாவிலேயே சராசரி 16 பாகை செல்சியஸ் அளவுதான். அதில் இந்தக் கிருமி தாராளமாக வளரும். முட்டை அச்சாறு 4 பாகைக்குள் இருக்க வேண்டும். ஆகவே பிரிஜ்ஜில் ஒரு போத்தலுக்காவது இடம் ஒதுக்குங்கள்.

செய்வது சுலபம். முட்டைகளை மஞ்சள் கரு இறுகும்வரை அவித்து, ஓடு உரியுங்கள். வெடித்தது, கீறல் விழுந்தது எல்லாம் அன்றைய குழம்புக்குப் போகட்டும். 5 சதவீத அமிலம் என்று லேபிளில் போட்ட வினாகிரியை வாங்கி, தண்ணீர் கலக்காமல் உப்பு, மிளகு, காய்ந்த கொச்சிக்காயுடன் கொதிக்க வையுங்கள். வீட்டில் புளிக்க வைத்த தென்னை வினாகிரி ருசிதான், ஆனால் அதன் புளிப்பை நாக்கால் அளக்க முடியாது, இதற்கு வேண்டாம். கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிப் போத்தலில் முட்டைகளை அடுக்கி, அவை முழுதாக மூழ்கும்படி சூடாகவே ஊற்றி மூடுங்கள். சூடு தணிந்ததும் பிரிஜ்ஜுக்குள். இரண்டு வாரம் பொறுங்கள், குத்தாமலே புளிப்பு இறங்கிவிடும். மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பரிமாற எடுத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்கக் கூடாது.

அப்புறம் சீன முட்டை. சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, தேயிலை எல்லாம் சேர்வதால் நம் வீட்டிலேயே முடியும் என்று தோன்றும். ஆனால் சாம்பலின் காரத்தன்மை அடுப்புக்கு அடுப்பு மாறும், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. சீக்கிரம் பக்குவமாக ஈய ஆக்சைடு சேர்க்கும் வழக்கமும் சீனாவில் இருந்திருக்கிறது. ஈயம் உடம்புக்கு நஞ்சு. வீட்டில் முயல வேண்டாம்.

பிரிஜ்ஜில் இடம் கிடைக்கவே இல்லையென்றால் அச்சாறு யோசனையை விட்டுவிடுங்கள். மிஞ்சும் முட்டைகளைக் கழுவாமல் குளிர்ந்த இடத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் சமைத்துவிடுங்கள், அல்லது பக்கத்து லயத்தில் விற்றுவிடுங்கள்.