மியூனிக் என்பது பிழையா?

கேள்வி: ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் இந்தியக் கிளையில் பணியாற்றுகிறேன். ஆங்கிலத்தில் நடந்த கூட்டத்தில் நான் 'மியூனிக்' என்றதும், உடன் பணிபுரிபவர் குறுக்கிட்டு, "முன்ஷென் என்பதே சரி, மியூனிக் என்பது அறியாமை" என்று எல்லோர் முன்னிலும் திருத்தினார். ஊர்க்காரர்கள் சொல்வதைப் போலச் சொல்வதுதானே மரியாதை?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொன்னதில் பிழை இல்லை, திருத்தியவர்தான் பிழை செய்திருக்கிறார். மியூனிக், கொலோன், நியூரம்பர்க் ஆகியவை ஆங்கிலம் நெடுங்காலமாகத் தனக்கென்று வைத்திருக்கும் பெயர்கள். கி.பி. 50இல் ரோமானியர் தம் குடியேற்ற நகருக்கு அளித்த 'கொலோனியா' என்ற பெயர்தான் ஜெர்மானியர் நாவில் 'கோல்ன்' என்று சுருங்கியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'கொலோன்' ஆயிற்று. காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் நெற்றியில் நனைத்துப் போடும் 'யூடிகோலன்' துணியிலும் இருப்பது அந்தப் பிரெஞ்சு வடிவமே. இதில் எதை அறியாமை என்பது?

மரியாதைக் குறைவு என்ற வாதமும் நிற்காது. ஜெர்மானியர் தம் மொழியில் மிலான் நகரை 'மைலாண்ட்' என்றும், வெனிஸை 'வெனேடிஹ்' என்றும், வார்சாவை 'வார்ஷௌ' என்றும்தான் சொல்கிறார்கள். அதனால் இத்தாலியரையோ போலந்துக்காரரையோ அவர்கள் இழிவுபடுத்துவதாக யாரும் கருதுவதில்லை. மியூனிக் நகரத்து விமான நிலையமே ஆங்கிலத்தில் தன்னை 'மியூனிக் ஏர்போர்ட்' என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

ஆனால் இப்பெயர்கள் என்றென்றும் மாறாதவை என்று நினைத்துவிடக் கூடாது. 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னையை ஆங்கிலேயருக்குத் திருப்பித் தர வழிசெய்த 1748ஆம் ஆண்டு உடன்படிக்கையை, நம் பள்ளி வரலாற்றுப் பாடங்களில் அய்-லா-சப்பேல் உடன்படிக்கை என்று படித்திருப்பீர்கள். அந்த ஊர் இன்றைய ஜெர்மனியின் ஆஹன் நகரம். அன்று பிரெஞ்சுப் பெயரால் அதை அழைத்த ஆங்கிலம், இன்று உடன்படிக்கைக்கு மட்டும் அப்பெயரை வைத்துக்கொண்டு, ஊருக்கு ஜெர்மன் பெயரையே எழுதுகிறது. ரேகன்ஸ்புர்க்குக்கு வழங்கிய 'ராட்டிஸ்பன்' என்ற பெயரும் இப்படித்தான் வழக்கொழிந்தது. 1938ஆம் ஆண்டு ஒப்பந்தம், 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக் என்று ஆங்கிலேயர் வாயில் ஓயாமல் புழங்கிய மியூனிக் நிலைத்துவிட்டது. புழக்கம்தான் இங்கே சட்டம்.

நம் நாளிதழ்கள் சில எழுதும் 'முனிச்' என்ற வடிவத்தை மட்டும் ஏற்க இயலாது. அது ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தவறாகப் படித்ததால் வந்தது. ஜெர்மானியரும் அப்படிச் சொல்வதில்லை, ஆங்கிலேயரும் சொல்வதில்லை.

ஆங்கிலத்துக்கென்று தனிப்பெயர் இல்லாத ஊர்களைச் சொல்லும்போதுதான் உண்மையான கவனம் வேண்டும். ஜெர்மனில் 'இ' (e) என்ற எழுத்துக்குப் பின் 'ஐ' (i) என்ற எழுத்து வந்தால் ஒலி 'ஐ'. 'ஐ'க்குப் பின் 'இ' வந்தால் ஒலி நெடில் 'ஈ'. ஆகவே லைப்சிக் சரி, வைஸ்பாடன் தவறு, அது வீஸ்பாடன். டுய்ஸ்புர்க் என்று எழுத்தைப் பார்த்துப் படிக்கப்படும் ஊரில், 'யு'வுக்குப் (u) பின் நிற்கும் 'ஐ' (i) தனியே ஒலிப்பதில்லை, முன்னுள்ள உயிரை நீட்ட மட்டுமே அது நிற்கிறது. ஊர்ப்பெயர் ஏறத்தாழ 'ட்யூஸ்புர்க்' என்று ஒலிக்கும். இவற்றை ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்வது அந்த ஊர்க்காரருடன் தொழில் செய்பவருக்குக் கடமை என்றே கருதுகிறேன். ஆனால் ஸ்டுட்கார்ட்டின் முதலெழுத்தை 'ஷ்' என்று ஒலிக்கவில்லை என்பதற்காக ஆங்கிலம் பேசுபவரை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில வாய்க்கு அங்கே 'ஸ்' இயல்பானது.

ஹானோவருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'என்', ஜெர்மனில் இரண்டு. எதை எழுதினாலும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். கூட்டத்தில் மியூனிக் என்றே தொடர்ந்து சொல்லுங்கள். ஜெர்மன் மொழியில் பேசும்போது மட்டும் முன்ஷென், கோல்ன் என்பவைதான் சரி. அங்குள்ள ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளிலும் அவையே இருக்கும் என்பதால், பயணம் புறப்படும் முன் இரு பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.