இடுப்பு முறிவு: கண்ணுக்குத் தெரியாமல் போகும் ரத்தம்

அம்மாவுக்கு 78 வயது. தொடை எலும்பின் மேல்பகுதி உடைந்து ராடு வைத்தார்கள். ஆபரேஷனில் 200 மில்லிதான் ரத்தம் போனது என்றார்கள். மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் 11-லிருந்து 8-க்கு இறங்கிவிட்டது. என்ன தவறு? — பெரம்பூர் வாசகி

தவறு நடந்ததாகத் தெரியவில்லை. 200 மில்லி என்பது பஞ்சிலும் சக்‌ஷன் பாட்டிலிலும் தெரிந்த கணக்கு. தொடைச் சதைக்குள் கசிவதை யாரும் அளப்பதில்லை. இடுப்பு முறிவு என்று சொல்லும் இவ்வகை முறிவில் அது ஒரு லிட்டரைக்கூடத் தொடும். விழுந்த நிமிடமே கசிவு தொடங்கிவிடும். முதல் நாள் 11 என்பதையும் நம்பாதீர்கள். டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் உண்மையான அளவு தெரியும்.

8-ஐ 10 ஆக்க ரத்தம் ஏற்றச் சொல்லலாமா? — மயிலாப்பூர்

அவசியமில்லை. இடுப்பு முறிவு நோயாளிகளை வைத்தே நடந்து, 2011-ல் வெளியான பெரிய ஆய்வில் 10 வரை ஏற்றியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 8-க்குக் கீழே இறங்கினாலோ, நெஞ்சுவலி, தலைச்சுற்றல், படபடப்பு இருந்தாலோ ஏற்றலாம்.

அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். 5 நாள் நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்யலாமா? — அம்பத்தூர்

எந்த மாத்திரை? பெயரை எழுதாமல் பதில் கேட்காதீர்கள். ஆஸ்பிரின் என்றால் காத்திருக்கவே வேண்டாம். குளோபிடோக்ரல் என்றாலும் பொதுவாகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதுகில் ஊசி போட முடியாவிட்டால் முழு மயக்கம் கொடுப்பார்கள். வார்ஃபரின் என்றால் அதன் வேலையை முறிக்க வைட்டமின் கே ஊசி இருக்கிறது. அபிக்சபான் போன்றவற்றுக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து ஒன்றிரண்டு நாள் போதும். சமீபத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

"ரத்தம் நிறைய போய்விடுமோ" என்று பயந்து குடும்பமே நாளைக் கடத்துகிறது. அதற்குள் படுக்கைப்புண், நிமோனியா, மனக்குழப்பம், காலில் ரத்தக்கட்டி என்று வரிசையாக வந்துவிடும். உடைந்த எலும்பு அசைய அசையக் கசிவும் நிற்காது. இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும் என்று எத்தனை முறைதான் எழுதுவது! கேஷுவல்ட்டிக்கு ஓடும்போதே மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளையா, சின்னதா இருக்கும் டாக்டர்" என்பதை வைத்து யாரும் எதுவும் முடிவு செய்ய முடியாது.

ரத்தக்கசிவைக் குறைக்கப் போடும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி பாதுகாப்பானதா? — தாம்பரம்

பெரும்பாலானோருக்கு ஆம். ரத்தம் ஏற்றும் தேவை குறையும். அண்மையில் பக்கவாதமோ காலில் ரத்தக்கட்டியோ வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், மாத்திரை அட்டை!

மாதுளை ஜூஸ்? — பெயர் இல்லை

கொடுங்கள். ஆனால் ஒரு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறாது.

பிள்ளைகள் நாங்களே அப்பாவுக்கு நேரடியாக ரத்தம் கொடுக்கலாமா? — வேளச்சேரி

வேண்டாம். நெருங்கிய ரத்த உறவினரின் வெள்ளை அணுக்கள் பெறுபவரின் உடலையே தாக்கும் அபாயம் உண்டு. அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த ரத்தப் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். உங்கள் ரத்தத்தை வங்கிக்குக் கொடுங்கள், அப்பாவுக்கு வங்கி கொடுப்பதை ஏற்றுங்கள்.