வரலாறு படித்துவிட்டு அமைதிக் கல்விக்குப் போகலாமா?

தம்பி, பி.ஏ. வரலாறு முடித்த உங்களுக்கு மோதல் மாற்றம், அமைதிக் கட்டமைப்பு முதுகலையில் இடம் கிடைத்திருக்கிறது, "சண்டை விலக்குவதற்கு ஒரு பட்டமா?" என்று அப்பா கேட்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் பத்தாண்டுகளாகச் சமரசப் பேச்சில் உட்காருகிறவன் நான். இந்தப் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

வடசென்னையில் அண்ணன் தம்பி இருவருக்குள் மாடிப்படி வழக்கு. மூன்று அமர்வுகள் அங்குலக் கணக்கிலேயே கழிந்தன. நான்காவதில் அண்ணன் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, "அம்மா காரியத்துக்கு ஏன் வரவில்லை?" என்றார். அதன்பிறகுதான் படிக்கட்டைப் பற்றியே பேச முடிந்தது. மோதல் மாற்றம் பற்றி எழுதிய அறிஞர் ஜான் பால் லெடராக் போன்றவர்கள் வலியுறுத்துவது இதைத்தான்: வழக்கை முடிப்பது வேறு, உறவை மாற்றுவது வேறு.

வேலை விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது, 2023இல் மத்தியஸ்தச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அங்கே பெரும்பாலும் வழக்கறிஞர்கள்தான். உங்களுக்கான இடம் தொண்டு நிறுவனங்கள், அகதிகள் மறுவாழ்வுப் பணி, ஐ.நா. அமைப்புகள். பட்டத்தோடு கள அனுபவத்தையும் கேட்பார்கள். கட்டணம் கட்டுமுன் துறைக்குப் போன் செய்து, களப்பணி எத்தனை வாரம், எங்கே அழைத்துப் போவார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் இதே படிப்பை வேறு பல்கலைக்கழகத்தில் தேடுங்கள்.