மாடிப்படி இருக்கட்டும், ஸ்கேன் எடுத்தீர்களா?

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம், ஏழாவது வாரம். நான்கு நாளாக மாதவிலக்கு வரப்போவதுபோல அடிவயிறு விட்டுவிட்டு இழுத்துப் பிடிக்கிறது. ரத்தக்கசிவு இல்லை. வாயுத் தொல்லை, மலச்சிக்கல் உண்டு. இணையத்தில் பார்த்தால் கருச்சிதைவு என்கிறார்கள். மாடி ஏறி இறங்குவதால் இருக்குமோ? மாதவிலக்கு வலிக்கு வழக்கமாகப் போடும் மாத்திரையை இரண்டு முறை போட்டேன். இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை.

பதில்: மாடி ஏறியதால் கரு கலையாது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் கலையாது. தொடக்க வாரங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோம்களில் இருக்கும் கோளாறுதான். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. கர்ப்பப்பை வளரும்போது இழுக்கத்தான் செய்யும். கர்ப்பகால ஹார்மோன் குடலையும் மந்தமாக்குவதால் வாயுவும் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கின்றன. ரத்தக்கசிவு இல்லாத லேசான வலியைக் கருச்சிதைவு என்று இணையம் முடிவு கட்டினால், இணையத்தை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

என்னை உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரி. கர்ப்பமா இல்லையா என்பதைத்தான் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லும். கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாது. நூறில் ஒன்றிரண்டு பேருக்குக் கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. அவர்களுக்கும் நாள் தள்ளிப்போகும், குமட்டும், பரிசோதனையில் இரண்டு கோடு விழும். ஆனால் குழாயில் கரு வளர இடமில்லை. ஒரு கட்டத்தில் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம்.

உங்களுக்கு அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று ஸ்கேன் பார்க்காமல் சொல்லவும் முடியாது. வலி ஒரே பக்கமாக ஒதுங்கிக் கூடிக்கொண்டே போனாலோ, தலை சுற்றி வியர்த்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்னொன்று, தோள்பட்டை நுனியில் வலி. படுத்த வாகு சரியில்லை என்று பலரும் அதைத் தட்டிக்கழித்துவிடுவார்கள், நாங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோளில் தெரியும். வெளியே ஒரு சொட்டுக்கூடப் படாமல் உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் போகலாம். ஆகவே 'ரத்தம்தான் படவில்லையே' என்பது ஆறுதல் இல்லை.

இதில் எதுவும் இல்லையென்றாலும், இரண்டொரு நாளில் மருத்துவரைப் பார்த்து உள் ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) எடுத்துவிடுங்கள். அதனால் கருவுக்கு ஒன்றும் ஆகாது. ஏழாவது வாரத்தில் பெரும்பாலும் இதயத்துடிப்பே தெரிந்துவிடும். கரு கர்ப்பப்பைக்குள் இருப்பது உறுதியானால், இந்த இழுப்பைப் பற்றி நானே கவலைப்பட மாட்டேன்.

சரி, அந்த மாத்திரை. பெயரை எழுதவில்லை. மெஃபனமிக் அமிலமோ, இப்யூபுரூஃபனோ, டைக்ளோஃபெனாக்கோ எதுவாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். இரண்டு மாத்திரைக்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பம் என்று தெரிந்தபிறகும் பழைய மாத்திரைப் பட்டையைத் தேடி எடுப்பதை என்னவென்று சொல்வது? 20 வாரத்துக்குப் பிறகு இந்த மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பனிக்குட நீரும் குறையலாம். இப்போதைக்கு என் கோபம் வேறு: கவனிக்க வேண்டிய வலியை நீங்களே அமுக்கிவிடுகிறீர்கள். தாங்க முடியவில்லை என்றால் வழக்கமான அளவில் பாராசிட்டமால் போதும். அதற்கும் அடங்காத வலி என்றால் அடுத்த மாத்திரையைத் தேடாமல் கிளம்புங்கள். போகும்போது அந்தப் பட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.